நெற்றிக் காசு

மயிலாப்பூரில் ஏறிய பேருந்து தி.நகருக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:

"சேகரண்ணன் நெத்தியில வெச்ச காசு எங்கிட்டதான் கீது."

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று தள்ளி உட்கார்ந்தார். "இன்னாய்யா இது! பொணத்து நெத்திக் காசையா எடுத்துக்கினு வந்தே?"

"நான் எடுக்கல. சுடுகாட்டுல எரிக்கறவரு எடுத்துப் பாத்தாரு. செல்லாது, நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டாரு."

"செல்லாத காசையா வெச்சே?"

"நசுக்கின காசுய்யா. வெளிநாட்டுல சுத்திப் பாக்கற எடத்துல மிஷின் இருக்கும். காசப் போட்டு கைப்பிடியச் சுத்தினா நாக்கு மாதிரி நீளமா வரும், மேல அந்த ஊர்ப் படத்தோட. அண்ணன் வாழ்நாளெல்லாம் அதத்தான் சேத்தாரு."

"நெறைய ஊர் பாத்துருப்பாரு."

"பாஸ்போர்ட்டே கெடையாது. போறவங்க வர்றவங்க கொண்டாந்து குடுப்பாங்க. எந்த ஊருன்னு கேக்க மாட்டாரு. கைப்பிடிய யாரு சுத்தினதுன்னுதான் கேப்பாரு. சொன்னா, அவங்களப் பத்தி ஒரு மணி நேரம் கேட்டுக்கினு இருப்பாரு. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதான் வெச்சேன். திரும்பி வந்துடுச்சு."

"பனகல் பார்க் எறங்கு!" என்றார் கண்டக்டர். பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, இது யாரு சுத்தினது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

பேருந்து நகர்ந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் காலியான சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வூட்டம்மா. அவ தவறி ரெண்டு வருசம் ஆச்சு."