கோட்டின் உள்பை

நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் இடது தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது, ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். நாற்பது வருடம் துணி வெட்டியவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

எங்கள் முதலாளி வரையும் கோட்டுகளை நான்தான் வெட்டுவேன். ஒரு கோட்டுக்கு மூன்று மாதம். பணக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் இந்த வருடம் ஒரு வெள்ளைப் பனியனின் நெஞ்சில் கம்பெனிப் பெயரை முழ நீளத்துக்கு அச்சடித்து, இதுதான் புது வரவு என்றார். அதில் வெட்ட என்ன இருக்கிறது? தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

என் மச்சினன் அதை வாங்க நாலு மணி நேரம் வரிசையில் நின்றான். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி, "மாமா, பேரு நல்லாத் தெரியுதா?" என்றான். பெயர் தெரிந்தது. தோளில் தையல் பிசிறடித்ததும் தெரிந்தது, எனக்கு மட்டும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

முதலாளிக்கு இதயக் கோளாறு. வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும். மேடை ஏறினாலே அவருக்கு வலி வரும். அதற்கென்றே அவருடைய கோட்டுகளில் இடப்பக்கம் ஓர் உள்பை வைப்பேன். மாத்திரை டப்பாவை நானே அதில் போட்டு, கோட்டை மாட்டிவிடுவேன். அவர் மேலே தட்டிப் பார்த்துக்கொள்வார். பனியன் வெற்றி விழாவன்றும் தட்டிப் பார்த்தார். டப்பா இருந்தது. பையின் வாயை மட்டும் நான் தைத்திருந்தேன். பட்டு நூல், இரட்டை இழை, பதினான்கு தையல்.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பிடித்து இழுத்தது பையை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை. நீங்களும் கத்தரி வைத்துத்தானே பிரித்தீர்கள்.

அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் பெயரைத்தான் காப்பாற்றினேன். விழாவுக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எல்லாம் நீங்க வரைஞ்சதுதான். ஒண்ணாவது வித்துச்சா? இந்தப் பனியன் இல்லேன்னா கடையை மூடியிருப்பேன்," என்றார். வரைந்தது நான்தான். விற்காதது வாங்க வந்தவர்களின் குற்றம்.

ஒரு பேப்பர் கொடுங்கள், ஐயா. நான்தான் கொன்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பின்பக்கத்தில் ஒரு கோட்டு வரைந்து காட்டுகிறேன். நீங்களாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.