படுக்க வச்ச தகடு

இருங்க மாமா, லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். இவ்வளவு நேரம் நின்னவன் இன்னும் கொஞ்சம் நிக்க மாட்டானா? ஏவுதளத்துக்குப் போற பெட்டிய ஏத்தறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கொஞ்சம் காதுல போட்டுக்கங்க. இல்ல, மாப்பிள்ளையா பேசல. இந்தச் சோதனைக் கூடத்துல வேலை பாக்கறவனா பேசறேன், நீங்க திட்டத் தலைவரா கேளுங்க.

உங்களுக்குத் தெரியாததா? விண்கப்பல்ல இருக்கற அணு உலையில கரண்டு எடுத்தது போக மிச்சச் சூட்ட எங்கயாவது தள்ளியாகணும். இங்கன்னா டீய ஆத்தற மாதிரி காத்துல ஆத்திடலாம். விண்வெளியில காத்துக்கு எங்க போறது? இந்தப் பெட்டியில போக வேண்டிய தகடு ஒண்ணுதான் சூட்ட வெளிய வீசணும். இது மக்கர் பண்ணா உலைய அணைக்கணும். உலை அணைஞ்சா கரண்டு இல்ல, கரண்டு இல்லைன்னா உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சுக் காத்து இல்ல.

ஆமா, சோதனையில பாஸாயிடுச்சு, யாரு இல்லைன்னா? ஆனா எப்படி வச்சு? கூடத்துல இடம் பத்தலைன்னு நிமித்தி வச்சு. தகட்டுல ஓடற குழாய்க்குள்ள இருக்கற திரவம் அடியில கொதிச்சு ஆவியா மேல போகுது, ஆறிப்போய் மறுபடி அடிக்கு வரணும். நிமித்தி வச்சா அது தானா ஒழுகி வந்துடும் மாமா, அதுல என்ன சாமர்த்தியம்? விண்வெளிக்குப் போனா மேல ஏது, கீழ ஏது? குழாய்க்குள்ள இருக்கற வலைதான் விளக்குத் திரி மாதிரி உறிஞ்சி இழுத்துட்டு வரணும். படுக்க வச்சுப் பாத்தாதான் வலையோட லட்சணம் தெரியும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

கத்தாதீங்க. உங்க பயம் எனக்குத் தெரியும். கப்பல்ல போறது உங்க பொண்ணு, என் பொண்டாட்டி. இப்ப நிறுத்துனா, மகளுக்காக நிறுத்திட்டார்னு பேசுவாங்க. பேசட்டுமே. ஊர் வாய மூட உலைமூடி ஏது? எனக்கு அவ வேணும் மாமா. அவ்வளவுதான்.

சரி, சரி, ஏத்தச் சொல்லுங்க. ஆனா நீங்க கைய ஊனிக்கிட்டு நிக்கறீங்களே, அந்தப் பெட்டி காலி.

முறைக்காதீங்க. தகடு உள்ள அறையில படுத்திருக்கு, காலையில இருந்து சூடேத்திக்கிட்டு இருக்கேன். மூலைக்கு மூலை குறுக்கால போட்டேன், இடம் பத்துச்சு. சூடு காட்டற கேமராவுல பாதிதான் சிவப்பு. மிச்சம் சூடே ஏறாம கரிக்கட்டையாட்டம் கறுப்பு.

ம்... அவளும் பாத்துட்டா. நான்தான் கூப்பிட்டேன். அழவெல்லாம் இல்ல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவர் தலைகுனிஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாது, நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்னு சொன்னா.

இப்ப சொல்லுங்க மாமா, லாரிக்காரன என்ன பண்ணச் சொல்லட்டும்?