பெயர் சொன்னால் பதில் சொல்லும் சபை

பீடத்தில் அமர்ந்திருக்கும் பாஸ்டர் லவ்லேடி அவர்களே, வெள்ளை உடுத்தி முன்வரிசையில் இருக்கும் சபைத் தாய்மார்களே, வக்கீலம்மாவின் குடும்பத்தாரே, மவுண்ட் பிஸ்கா சபையின் சகோதர சகோதரிகளே! டீக்கன் ஹோசியா டர்னிப்சீட் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வணங்கினேன். பதில் வரவில்லை. இந்தச் சபையில் பாஸ்டர் தும்மினால்கூட நாலு பக்கமிருந்தும் "ஆமென்" வரும். இன்று ஏன் வரவில்லை? எனக்குத் தெரியும். சன்னல் வழியாக நீங்கள் பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஷெரீப்பின் போலீஸ் வண்டி நிற்கிறது. எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கேட்டது எதுவும் மறக்காது. இன்று நாம் நினைவுகூர வந்திருக்கும் நம் வக்கீலம்மா, பெருமைக்குரிய ஆர்னெட்டா பிரிட்ஜ்ஃபோர்த், என்ன செய்தார் என்பதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

என் மூத்த மகளின் பிள்ளை மார்க்வெஸை சாலையோரத்தில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நம் வழக்கப்படி அவன் படம் அச்சிட்ட சட்டையை அடக்கத்துக்கு அணிந்தோம். படத்துக்குக் கீழே, "ஏன் சுட்டீர்கள்?" என் இளைய பேத்தி ஜமைரா அந்தச் சட்டையோடு பள்ளிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்தாள். "மார்க்வெஸ்" என்று பெயரைச் சொன்னாள். சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் யார்? நம் பிள்ளைகள்! இந்தச் சபையில் வளர்ந்தவர்கள்! இறந்தவர் பெயரைச் சொன்னால் "கர்த்தாவே" என்று பதில் சொல்வதுதானே நம் வழக்கம், சும்மா இருப்பார்களா? "கர்த்தாவே!" என்று ஒரே குரலில் பதில் கொடுத்துவிட்டார்கள். கலவரம் செய்தாள் என்று அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள்.

வக்கீலம்மா எனக்கு விளக்கினார்: அரசுப் பள்ளிக்குள்ளும் மாணவருக்குப் பேச்சுரிமை உண்டு, பாடமே நடக்காத அளவு குழப்பம் வந்தால் தடுக்கலாம், வெறும் பயத்துக்காகத் தடுக்க முடியாது. என் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பாம் அது. தீர்ப்பு இருந்து என்ன? நம் ஊருக்கு அதை யார் கொண்டுவந்தது? ஆர்னெட்டா பிரிட்ஜ்ஃபோர்த் கொண்டுவந்தார்!

பள்ளி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டாரே, அந்த விசாரணை நாள் நினைவிருக்கிறதா? நீதிமன்ற வாசலில் வக்கீலம்மா என்னை ஓரமாக அழைத்தார். "டீக்கன், ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் இருந்தா குடுங்க" என்றார். வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நீதிபதி கேட்டார்: "சாப்பாட்டு ரூம்ல கூச்சல் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு, கனம் நீதிபதி அவர்களே. அந்தப் பொண்ணு மார்க்வெஸ்னு பேர் சொன்னதும்..."

வக்கீலம்மா முடிக்கவில்லை. நம் சபைத் தாய் மதர் ஐடெல்லா பின்வரிசையிலிருந்து, "கர்த்தாவே!" என்றார். உடனே நாம் எல்லோரும், "கர்த்தாவே!" நீதிமன்றம் என்பதே மறந்துவிட்டது நமக்கு! நீதிபதி சுத்தியலால் மேசையை அடித்தார். காவலர் நம்மை நோக்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் சபைத் தம்பி கிளியோஃபஸ் என் காதில், "டீக்கன், இன்னிக்குச் சாப்பாடு ஜெயில்லதான். சோளரொட்டி போடுவானுங்களா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

வக்கீலம்மா நீதிபதி பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடம் பயப்படுற கலவரம் இதுதாங்க. உங்க கோர்ட்டு நின்னு போச்சா?"

நீதிபதி நம்மைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். "இல்ல. மேல சொல்லுங்க."

வென்றோம்! ஆனால் பள்ளி வாரியம் மேல்முறையீடு செய்தது. அடுத்த மாதம் நியூ ஆர்லியன்ஸ் மேல்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்கப் போகிறார்கள். அதற்குள் வக்கீலம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

அவர் மண்ணுக்குள் போன மறுநாளே வாரியத்து ஆள் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டீக்கன், வக்கீலம்மாவே போயிட்டாங்க. இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு? அந்தத் தீர்ப்பு வேணாம்னு நீங்களும் சம்மதிச்சிடுங்க. பொண்ணு நிம்மதியா படிப்பை முடிக்கும். வண்டியும் வந்து நிக்காது."

சகோதரர்களே, தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஷெரீப்பின் வண்டி என் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஒரு பேரனைப் புதைத்தவன் நான். சம்மதித்துவிடலாம் என்று அவர் கொடுத்த தாளில் கைநாட்டு வைக்கப் போனேன். ஜமைரா சொன்னாள்: "தாத்தா, நீங்க வைக்கிறதுன்னா வைங்க. நான் சட்டையைக் கழட்ட மாட்டேன்."

"உனக்குப் பயமே இல்லையாடி?"

"இருக்கு. லைட்டை அணைச்சுட்டுப் படுக்கவே பயமா இருக்கு. அதுக்காக அவன் பேரைச் சொல்லாம இருக்கணுமா?"

நான் கைநாட்டு வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பயம் அப்படியேதான் இருக்கிறது. இந்த வண்டி நாளைக்கும் வரும். ஜமைரா பள்ளிக்கு நடந்து போகும் வழியில் நிற்கும். அவளோடு நான் நடப்பேன். நியூ ஆர்லியன்ஸுக்கும் போவேன். புது வக்கீல் அந்த மூன்று பேர் முன்னால் மார்க்வெஸ் என்று சொல்லும்போது பின்வரிசை காலியாக இருக்கலாமா? இருக்கலாமா, சொல்லுங்கள்!

மறுபடியும் சன்னலையே பார்க்கிறீர்கள்.

வாசல் பக்கம் இருப்பவர்களே, கதவைத் திறந்து வையுங்கள். வண்டியில் இருப்பவருக்கும் கேட்கட்டும். பயத்தோடேயே சொல்லுங்கள், பரவாயில்லை, குரல் நடுங்கட்டும். நான் பெயரைச் சொல்கிறேன்.

ஆர்னெட்டா பிரிட்ஜ்ஃபோர்த்!

மதர் ஐடெல்லா, உங்கள் குரல் கேட்டது. நன்றி, தாயே. மற்றவர்களும் எழுந்து நில்லுங்கள். இன்னொரு முறை சொல்கிறேன்.