பதினான்கு மாதமாகக் காய்ச்சல் இல்லை

கை கழுவத் தெரிந்தவர்கள் குறைவு, மேடம். உள்ளங்கையில் சோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீரைக் காட்டிவிடுகிறார்கள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்க்க வேண்டும். தம்பியைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் தச்சன், நகத்தில் மரத்தூள் அடைந்திருக்கும். அதனால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன்.

தம்பிக்குக் கழுத்தெலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையைக் கொஞ்சம் தூக்குவான், விரல் மடங்காது. சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். தேங்கினால் கிருமி பெருகும்.

முதல் எட்டு மாதத்தில் ஐந்து முறை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாவது முறை கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசத் தேத்திக்கோங்க" என்றார். உள்ளே போனேன். "விட்டுடுண்ணே, நான் போறேன்" என்றான் தம்பி. அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, மேடம். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

விபத்து நடந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிவரக் குடித்துவிட்டுக் காரை எடுத்தவன் இந்தத் தம்பிதான். "சித்தப்பாதான் முன்னாடி உக்கார விடுவாரு" என்று ஆசையாகச் சொல்வாள். முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கார் பாலத்துச் சுவரில் மோதியது. என் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "அவன் இருக்குற வீட்டுல நான் சோறு திங்க மாட்டேன்" என்றாள். அது அவள் நியாயம். எனக்கு அவன் வேண்டியிருந்தது.

அந்த ஐந்தாவது காய்ச்சலிலிருந்து அவன் பிழைத்து வந்த நாள்முதல் நர்ஸம்மா சொன்னதை வரி பிசகாமல் செய்தேன். தினமும் புதுக் குழாய். அதன் நுனியில் விரல் படக் கூடாது. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் நாளெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக வந்த உடனே மாத்திரைக்கு ஓடவில்லை. மலச்சிக்கல் வரவிடவில்லை. என் இடுப்புக்குச் சரியான உயரத்தில் தேக்குக் கட்டில் செய்து போட்டேன். பதினான்கு மாதம் அவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. மற்ற நோயாளிகளின் வீட்டாரைக் கூட்டிவைத்து என்னைப் பேசச் சொன்னார் டாக்டர். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பள்ளி விடும் நேரம் நாலு மணி. நாலு மணிக்குக் குழாய் விட்டு முழுவதும் வடித்துவிடுவேன். நிரம்பிய சிறுநீர்ப்பையில் அடி பட்டால் சிறுநீர் மேலேறி சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கை கழுவுவேன். பிறகு கொட்டாப்புளியை எடுப்பேன். உளியைத் தட்டும் மரச்சுத்திதான், இரும்பு இல்லை. தொடை, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிக்கொள்வேன். தோல் கிழியாமல் பார்த்துக்கொண்டேன், புண்ணானால் சீழ் பிடிக்கும். எலும்பு விட்டுக்கொடுக்கும்போது காய்ந்த பலகை விரிசல் விடுவதுபோல ஒரு சத்தம் வரும். தொழிலில் பழகிய காது எனக்கு.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். தம்பிக்கு முகம் சிவந்து வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இருநூறு. "பை நெறஞ்சிருக்கும், இல்லன்னா கிருமியா இருக்கும்" என்று குழாய் விட்டார். ஒன்றுமில்லை, நான் அப்போதுதான் வடித்திருந்தேன். வந்த இரண்டு சொட்டும் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவு. வயிற்றையும் அழுத்திப் பார்த்தார்.

"அப்போ கீழ எங்கயோ அடி பட்டிருக்கு. இவருக்குத் தெரியலன்னாலும் உடம்புக்குத் தெரியும். ரத்தக்கொதிப்பு ஏறி மண்டையப் பொளக்கும்" என்று சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கினார்.

நான் அசட்டையாக இருந்து கிருமி வந்திருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார். டாக்டரிடம் மருந்து எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

"யாரு பண்ணுனது?" என்று தம்பியைக் கேட்டார். "கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்" என்றான். தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாதவன்.

எக்ஸ்ரேயில் பதினோரு முறிவு என்று சொன்னீர்கள். பாதி தானாகக் கூடியிருக்கும். அத்தனையும் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வலிக்காத இடம் பார்த்துத்தான் அடித்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவனுக்கும் அது சம்மதமாகத்தான் இருந்தது. பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வான் என்கிறீர்களா? அந்த நேரத்தில் அவன் வாயில் துணி வைத்திருப்பேன். வெந்நீரில் அலசிய துணிதான், மேடம்.