கரைப்பான் குழியிலும் வளையம் உண்டு என்று எழுதியவருக்கு

வளையத்தின் விளிம்பை விழியால் வருடி, வந்த எண்ணை வந்தபடியே வரைந்து வைத்த வாய்மையே! முப்பத்து நான்கு ஆண்டுக் காலம் முந்தி வந்து பிந்திப் போன முதுபெரும் உழைப்பே! தேஹு ரோடு தளவாடக் கிடங்குத் தொழிலாளி ஆரோக்கியசாமியின் தலைமகளே, எங்கள் நுண்ணுயிர்ப் பிரிவின் நுண்ணறிவே, திருமிகு ஜான்சி அவர்களே!

இந்த விதமாக இரண்டு பக்கம் எழுதினோம். அதற்கு மேல் எழுத எங்களுக்குக் கை வரவில்லை. பாராட்டு மடல் என்றால் ஒருவரை எதிரே நிறுத்தி 'தாங்கள், தங்கள்' என்று புகழ வேண்டும் என்பது வழக்கம். அதற்குப் புகழப்படுகிறவருக்குத் தகுதி இருந்தால் மட்டும் போதாது, புகழ்கிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆகையால் அவரை 'அவர்' என்றே குறித்து, நடந்ததை நடந்தபடி, அவர் காதுபட, இந்தத் தேநீர் அறையில் சொல்லிவிடுகிறோம்.

ஜான்சி அவர்கள் ஹடப்சரில் உள்ள நமது மூலிகை ஆய்வு மையத்தில் சேர்ந்தது 1991-இல். கிடங்குக் குடியிருப்பிலிருந்து நுண்ணுயிரியலில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தேஹு ரோட்டில் லோக்கல் ஏறி, புனே ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, எட்டரைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டியிருப்பார். அவருடைய வேலை கேட்பதற்கு எளியது. உருக்கிய அகரைத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, மேலே கிருமியைப் பரப்பி, சிறுசிறு குழிகள் வெட்டி, குழியில் மூலிகைச் சாற்றை விட்டு, இன்குபேட்டரில் வைப்பது. சாற்றுக்குக் கிருமியைக் கொல்லும் வீரியம் இருந்தால் மறுநாள் குழியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். வளையத்தின் அகலமே வீரியத்தின் அளவு. பக்கத்திலேயே இன்னொரு குழியில், இலையை ஊற வைத்த கரைப்பானை மட்டும் விடுவார். கொல்வது இலையா, இலையை ஊற வைத்த திரவமா என்று காட்டிக் கொடுக்கும் 'கண்ட்ரோல்' குழி அது.

பதினொன்றரை மில்லிமீட்டரைப் பன்னிரண்டு என்று எழுதும் கைகள் நிறைந்த உலகத்தில் அவர் பதினொன்று என்று எழுதினார். மூன்று பக்கமிருந்தும் அளந்து, மூன்றில் சிறியதை எழுதுவார். விஞ்ஞானிகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "ஜான்சி பாத்தாச்சா?" என்பது. கட்டுரைகள் வெளிவரும்போது கடைசி வரியில் 'தொழில்நுட்ப உதவி செய்தோருக்கு நன்றி' என்று இருக்கும். பெயர் இருக்காது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. எண் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

2013-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வெட்டுக்காயப் பூண்டு வந்தது. இங்கே மராத்தியில் தகடி பாலா என்பார்கள். சாலையோரமெல்லாம் மண்டிக் கிடப்பது. மையத்தின் இயக்குநர் டாக்டர் ஸ்ரீவத்சன், சென்னையிலிருந்து வந்தவர், அதிலிருந்து புண்ணுக்கு ஒரு களிம்பு செய்யலாம் என்று ஒரு மருந்துக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சோதனை இரண்டு பேரிடம் வந்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனை, கோவையிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த வேதியியல்காரி சியாமளாவுக்கு. இம்மடலை எழுதிப் படிக்கிறவள் அவள்தான். ஊதா நிறக் கரைசலில் சாற்றைச் சேர்த்தாள். ஊதா வெளுத்து மஞ்சளானது. அது உண்மையான முடிவு. கிருமிச் சோதனை ஜான்சி அவர்களுக்கு. அதில் சாறு விட்ட குழியைச் சுற்றிப் பதினெட்டு மில்லிமீட்டர் வளையம். வெறும் கரைப்பான் விட்ட குழியைச் சுற்றிப் பதினேழு.

அவர் சாற்றை வாங்கி முகர்ந்து பார்த்தார். கரைப்பானான மெத்தனால் முழுக்க ஆவியாகாமல் நின்றிருந்தது. தாமே இரண்டு நாள் உலர்த்தி, தீங்கில்லாத கரைப்பானில் மறுபடி கரைத்து, மறுபடி தட்டு போட்டார். குழியின் அகலமே ஆறு மில்லிமீட்டர். இந்த முறை வளையம் ஏழைத் தாண்டவில்லை. இரண்டையும் பதிவேட்டில் எழுதி, கீழே 'கரைப்பான் குழியிலும் வளையம் உண்டு' என்று குறித்துக் கையெழுத்திட்டார்.

இயக்குநர் அவரை அறைக்கு அழைத்தார். கதவு திறந்திருந்தது, வெளியே நின்ற சியாமளாவுக்கு எல்லாம் கேட்டது.

"கண்ட்ரோல் குழியில ஒண்ணுமில்லைன்னு எழுதிடுங்க ஜான்சி."

"இருக்கே சார்."

"மெத்தனால் கொஞ்சம் நின்னிருக்கும். அது சாதாரணம்."

"அதத்தான் சார் எழுதியிருக்கேன்."

அவர் குரல் உயரவில்லை. பதிவேட்டை மேசை மேல் வைத்துவிட்டு, மதியத் தட்டுகளைப் பார்க்கப் போய்விட்டார். மாலையில் இயக்குநர் சியாமளாவைக் கூப்பிட்டு, பக்கம் கறைபட்டுவிட்டது, நகலெடுத்து ஒட்டு என்றார். எந்தக் கட்டத்தில் எந்த எண் வர வேண்டும் என்று தனித்தாளில் எழுதியும் கொடுத்தார். அந்த மாதம்தான் அவளுடைய வேலை நிரந்தரமாக்கப்பட இருந்தது. அவள் எழுதினாள். அழகான கையெழுத்து என்று பாராட்டும் பெற்றாள்.

கட்டுரை வந்தது, களிம்பும் வந்தது. ஜான்சி அவர்கள் 'அனுபவம் மிக்கவர் தேவை' என்ற காரணத்தோடு கழுவுமிடத்துக்கு மாற்றப்பட்டார். அன்று தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள், பிறர் போட்ட தட்டுகளை ஆட்டோகிளேவில் வேக வைத்துக் கொட்டுவதும் குடுவை கழுவுவதும் அவர் பணி. கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அளவுகோல் இல்லை, பதிவேடும் இல்லை. பார்த்துவிட்டுத் தொட்டியில் போடுவார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே எங்கள் தட்டுகளை அவரிடம் நீட்டினோம்.

வீட்டில் அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அக்காவின் ஆபீஸ் என்றால் அவருடைய தம்பி வசந்தகுமாருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தம்பியும் கிடங்கில்தான் வேலை செய்தார், சர்க்கரை உண்டு. 2018-இல் பூட்ஸ் கடித்துக் காலில் ஒரு கொப்புளம். மருந்துக்கடையில் களிம்பு கேட்டபோது கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவில் நமது மையத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஆறு வாரம் தடவினார். அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் காலுறை போட்டுக்கொண்டார். அவர் வேலை விட்டுக் களைத்து வருகிறவர், கவலைப்படுவார் என்று. நாற்றம் வந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பத்து நாள் கழித்துக் கணுக்காலோடு எடுத்தார்கள். சர்க்கரையும் காரணம் என்றார் டாக்டர். அதுவும் உண்மைதான்.

ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல என்று அவர் தம்பியிடம் கேட்டார்.

"உங்க ஆபீஸ் பேரு போட்டிருந்துச்சேக்கா. அதுக்கு மேல யாரக் கேக்கணும்?"

அந்தப் பதிலை அவர் எங்களிடம் ஒரே ஒருமுறை சொன்னார். சாரிடம் எழுத மாட்டேன் என்று சொன்ன வாய் வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று தம்மையே கேட்டுக்கொண்டார். நாங்கள் ஆறுதல் சொல்லப் போனோம். அவர் ஆட்டோகிளேவின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தார். ஆறுதல் கேட்டதாகத் தெரியவில்லை.

மறு ஆண்டு தீபாவளி விடுமுறையில் மையம் மூடியிருந்தபோது, கழுவுமிடத்தின் சாவி அவரிடம் இருந்தது. சாலையோரத்துப் பூண்டைத் தாமே பறித்து, அலசி, உலர்த்தி, சாறு எடுத்தார். ஸ்டோர் பொறுப்பாளர் முகமது இஸ்மாயில், கேள்வி கேட்காமல் அகரும் தட்டுகளும் கொடுத்தார். மூன்று முறை செய்தார். மூன்றிலும் ஏழு. படமெடுத்து, தம் பெயரிட்டு, அந்தக் கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு அனுப்பினார். முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் அவர் பெயரோடு ஒரு ஆய்வு வெளியே போனது அந்த ஒருமுறைதான்.

ஆய்விதழ் மையத்திடம் விளக்கம் கேட்டது. மையம் மூன்று பேர் குழு ஒன்றை அமைத்தது. பதிவேட்டில் இருப்பது மூலப்பக்கம்தானா என்று குழு சியாமளாவைக் கேட்டது. ஆமாம் என்றாள். தட்டுகள் கொடுத்தீர்களா என்று இஸ்மாயிலைக் கேட்டது. நினைவில்லை என்றார். அப்போது அவருடைய மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. சியாமளாவுக்கோ ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனியில் கணவருக்கு வேலை போயிருந்தது. காரணங்கள் எங்களிடம் எப்போதும் தாராளமாக இருந்தன. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று ஆய்விதழ் கோப்பை மூடியது. ஜான்சி அவர்களிடமிருந்து கழுவுமிடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அவர் எங்கள் இருவரையும் பார்த்து, டீ ஆயிடுச்சா என்று எப்போதும் போலக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை மேல்மாடி அரங்கில் அவருக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, இயக்குநர் ஆங்கிலத்தில் பேசினார். குடுவைகளை இவரைப் போல் சுத்தமாக வைக்க இனி ஆளில்லை என்றார். கைதட்டினார்கள். தட்டிய கைகளில் எங்கள் கைகளும் இருந்தன.

வெட்கம் என்று ஒன்று மிச்சம் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை சியாமளா இம்மடலின் முதல் வடிவை எடுத்துக்கொண்டு தேஹு ரோட்டுக்குப் போனாள். கூடவே அவர் கைப்பட எழுதிய அந்தப் பழைய பக்கத்தையும் எடுத்துப் போனாள். இயக்குநர் கொளுத்தச் சொன்ன பக்கம் அது. கொளுத்தாமல் பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தாள். அதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொளுத்தவும் பயம், காட்டவும் பயம், அவ்வளவுதான்.

வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். சியாமளா இதுவரை நீங்கள் கேட்டதை எல்லாம் படித்தாள். ஜான்சி அவர்கள் நடுவில் ஒருமுறைதான் குறுக்கிட்டார், பதினாறு என்று இருந்த ஓர் எண்ணைப் பதினேழு என்று திருத்த. படித்து முடித்ததும் சியாமளா, மன்னிச்சிருங்கக்கா என்றாள்.

"அத அவன்கிட்ட கேளு" என்றார் அவர்.

வசந்தகுமார் சுவரைப் பிடித்து எழுந்தார். செயற்கைப் பாதத்தை ஒருமுறை அழுத்திச் சரி பார்த்தார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு ஜான்சி அவர்கள் சொன்னார். "நல்லாத்தான் எழுதியிருக்க. இதக் கண்ணாடி போட்டு என் சுவத்துல மாட்டினா யாருக்கு என்ன ஆச்சு? அந்தக் களிம்பு தவாய் இன்னும் கடையில இருக்கு. இதப் போய் எழுத வேண்டிய எடத்துக்கு எழுது. உன் பேரப் போட்டு எழுது."

ஆகவே இம்மடலுக்குச் சட்டமும் கண்ணாடியும் இல்லை. மூலப்பக்கத்தின் படத்தையும், அதை மாற்றி எழுதியது தான்தான் என்ற சியாமளாவின் வாக்குமூலத்தையும், தட்டு கொடுத்தது நினைவிருக்கிறது என்ற இஸ்மாயிலின் கடிதத்தையும் இன்று காலை ஒன்பது மணிக்கு ஆய்விதழுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டோம். நாளை எங்களுக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. இதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. ஒரு கால் போன பிறகு, ஒருவரின் பன்னிரண்டு ஆண்டுகள் போன பிறகு, அவர் வாசலைத் தாண்டும் நாளில் வரும் நேர்மைக்கு அந்தப் பெயர் கிடையாது.

ஜான்சி அவர்களும் இயக்குநரும் நீங்கலாக மையத்தில் தமிழர் எங்களோடு சேர்த்து ஏழு பேர். மடலைப் படித்துப் பார்த்த ஐவர், கையெழுத்துப் போடாமல் தேநீருக்கு மட்டும் வருவதாகச் சொன்னார்கள். வந்திருக்கிறார்கள், நன்றி.

வஞ்சமறியா நெஞ்சினர், வளைந்து கொடுக்கா வாய்மையர் ஜான்சி அவர்கள், கண்ணில் ஒளியும் கையில் உறுதியும் குன்றாமல், தம்பியும் அவரும் நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தக் களிம்பு கடைகளிலிருந்து இறங்குவதை அவர் கண்ணால் பார்க்கும் வரைக்குமாவது வாழ்ந்தே ஆக வேண்டும். அதற்கு நாங்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இங்ஙனம்,
சியாமளா, வேதியியல் பிரிவு
முகமது இஸ்மாயில், ஸ்டோர்
ஹடப்சர், புனே