வளைஞ்ச பெட்டி

அடிக்கதா? அவியளா? நல்லாக் கேட்டீங்க டீச்சர். அந்த மனுசன் கரப்பாம்பூச்சியக்கூட வாசல் வரைக்கும் வழியனுப்பி வச்சிட்டு வருவாவ. உக்காருங்க. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகல, எனக்காக வந்து கேக்கீங்க, அதுவே சந்தோசம். ஏளா மெட்டில்டான்னு ஏசுதது உங்க வீட்டு வரைக்கும் கேக்குதுன்னா, எங்க வீட்டு ஆளுக்குப் பெருமைதான்.

சத்தம்தான அவியளுக்குத் தொழிலு. ஜீவமணின்னா ஹார்பர்ல எல்லாருக்கும் தெரியும். கப்பல்ல ஃபோர்மேன். மேல்தட்டுல நின்னு ஒரு குரல் குடுத்தா, அடியில சரக்கு அடுக்குத ஆளு நிமிந்து பாப்பான். கம்பெனி குடுத்த வாக்கிடாக்கி இடுப்புல சும்மா தொங்கும்.

இப்ப லீவுல வீட்டோட இருக்காவ. இருந்தா சும்மா இருக்கணும்லா. ஸ்பீக்கர் பெட்டி செய்ய உக்காந்துட்டாவ. அந்தா மூலையில கடலுக்குப் போவுத வல்லத்த ரெண்டா அறுத்து நிறுத்தி வச்ச மாரி நிக்கே, அதான். முதல்ல சாதாச் சதுரப் பெட்டிதான் செஞ்சாவ. போட்டுக் காட்டிட்டு என் மூஞ்சியவே பாத்தாவ. தகர டின்னுக்குள்ள இருந்து வருத மாரி இருக்குன்னேன். உள்ளதத்தான சொன்னேன்? அன்னைக்குப் பூரா மூஞ்சி குடுக்கல. அப்புறம் ஃபோன்ல வீடியோவாப் பாத்துக் கண்டுபிடிச்சாவ. சதுரப் பெட்டியில சத்தம் நேருக்கு நேரா முட்டி முட்டிக் கெட்டுப்போவுமாம். வளைவா இருந்தா அப்படி முட்டாதாம்.

அங்கதான் வந்துது எனக்கு வினை. பலகை வளையணும்லா? மெல்லிசு பிளைவுட்ட வாங்கிட்டு வந்து, என் நைட்டிய வெந்நியில முக்கிப் பிழிஞ்சு அது மேல போத்தி, இளகவும் அச்சுல வச்சு வளைச்சு, லாரியில சரக்கு கட்டுத பெல்ட்டால இறுக்கிக் கட்டி... எனக்கு டெங்கு வந்தப்பக்கூட அப்படி ஒரு ஒத்தடம் கிடையாது. அத எங்க காயப்போட்டாவங்கீங்க? கட்டில்ல. ஃபேன் காத்து வேணுமாம். பலகை கட்டில்ல, நாங்க ரெண்டு பேரும் தரையில.

முதல் பலகை படக்குனு விண்டுபோச்சு. அடுத்தது நல்லா வளைஞ்சுது, பெல்ட்ட அவுக்கவும் சோம்பல் முறிச்ச மாரி நிமிந்துட்டு. பொறவு ஒண்ணு மேல ஒண்ணா பசை போட்டு ஒட்டினாத்தான் நிக்குமின்னு தெரிஞ்சு, ஒரு வழியா முடிச்சாவ. போட்டுக் காட்டினாவ. இல்லன்னேன். உள்ள பஞ்ச அடைச்சாவ. இல்லன்னேன். பாவமாத்தான் இருந்துது. ஆனா பொய்க்கு நான் தலையாட்டுனா அதோட விட்டுருவாவளே. அது சரியா வரணும்னு அவியள விட எனக்குல்லா ஆசை.

பாட்டா? பாட்டெல்லாம் கேக்கதில்ல டீச்சர்.

ஒரு நாள் பின்னால உக்காந்து சாளை கழுவிட்டிருக்கேன். ஏளா மெட்டில்டா, என் கண்ணாடிய எங்க கொண்டு வச்சன்னு சத்தம். ஃப்ரிட்ஜ் மேல பாருங்கன்னு சொல்லிட்டு அடுத்த மீன எடுத்தேன். எடுத்த பொறவுதான் எனக்கு உறைச்சுது. கையக் கழுவாம உள்ள ஓடுனேன். பெட்டிப் பக்கத்துல நிக்காவ, கண்ணாடி மூக்கு மேலதான் இருக்கு, என்னையப் பாத்துச் சிரிக்காவ. சத்தமே இல்லாம.

தினமும் அதே வசவுதான் கேக்குன்னு சொன்னீங்கல்லா. அவ்வளவுதான் இருக்கு. ஆப்ரேசனுக்கு முந்துன நாள் ஃபோன்ல பதிஞ்சது. நல்லதா நாலு வார்த்தை சொல்லி வையுங்கன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, கண்ணாடி எங்க, சட்டை எங்க, சோத்தப் போடுன்னு என்னைய ஏசி வச்சிருக்காவ. மறுநாள் குரல்வளையவே எடுத்துட்டாவ. கேன்சரு. போன தவக்காலத்துல.

காப்பி ஆறுது, குடிங்க. சத்தத்த வேணா குறைச்சு வைக்கச் சொல்லுதேன். மத்தியானம் சோத்துக்கு மட்டும் ஒரு தடவ ஏசுவாவ, அத நீங்க கண்டுக்காதீங்க.