ஒரு மாட்டையாவது விட்டிருக்கலாம்

மந்தைவெளியில் குண்டு விழும் என்று நம்பினேன். அதிலும் என் மாட்டுக் கொட்டகையின் மேல். எதிரி அத்தனை தூரம் பறந்து வந்து, துறைமுகத்தை விட்டுவிட்டு, என் சாணிக் குவியலைக் குறிபார்ப்பான் என்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம்.

மே மாதம். புதன்கிழமை. பிற்பகல். லாரி ஓடுகிறது. பின்னால் நான்கு மாடுகள். நடுவில் நான். கருப்பியின் கொம்பு என் விலாவில். கருப்பி எட்டு மாதச் சினை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் கால் வழுக்குகிறது. அண்ணாந்து பார்க்கிறேன். வானத்தில் ஏதோ வட்டமிடுகிறது. "குனி! குனி!" என்று கத்துகிறேன். மாடுகள் குனியவில்லை. நான் குனிந்தேன். சாணியில். வட்டமிட்டது பருந்து.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே நிஜமாகவே மனிதர்கள் செத்தார்கள். அதில் எனக்குச் சிரிப்பு இல்லை. நான் சிரிப்பது, மந்தைவெளியில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பால் குண்டானைத் தலையில் கவிழ்த்து அளவு பார்த்தவனைப் பற்றி. அளவு சரியாக இருந்தது.

கொட்டகை எங்களுடையது அல்ல. மனைக்குச் சொந்தக்காரப் பெரியவர் என் அப்பாவிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் பத்திரம். "மாடு நிக்கற வரைக்கும் இடம் உன்னோடது." பெரியவர் போனார். அப்பாவும் போனார். பெரியவரின் மகன் வெளிநாட்டில். அதனால் கொட்டகையை நாங்கள் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் மாடுகளோடு நின்றோம். என் கல்யாணத்தன்றும் மாடுகள் அங்கேயே நின்றன. அவற்றுக்குக் காவலாக என் தம்பி நின்றான். கல்யாண போட்டோ எதிலும் அவன் இல்லை.

அப்போதும் ஏழு வீடுகளுக்கு மாட்டை வாசலுக்கே ஓட்டிப்போய்க் கறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பாத்திரத்தோடு வந்து நிற்பார். அவர் கண்ணெதிரே கறக்க வேண்டும். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அவர் கண்ணே சாட்சி.

திங்கட்கிழமை ஒருவன் வந்தான். மஞ்சள் ஹெல்மெட். கையில் டேப். யாரையும் கேட்காமல் கொட்டகையை அளந்தான்.

"இன்னா சார், குண்டுக்குப் பதுங்கற பங்கரா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு டேப்பைப் பார்த்தான். "ஆமாண்ணே. அப்படித்தான் வெச்சுக்குங்க. பூமிக்கு அடியிலதான்."

"எவ்ளோ ஆழம்?"

"ரெண்டு மாடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கம் என்னைக் கைவிடவில்லை. டேப்பின் மறுமுனையை நானே பிடித்தேன். இடைஞ்சலாக நின்ற செவலையைத் தள்ளிக் கட்டினேன். ஒரு சொம்பு பால் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "எப்பண்ணே காலி பண்ணுவீங்க?" என்ன அக்கறை!

என் மனைவி தனம் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் இன்னாத்துக்கு நம்ம தண்ணித் தொட்டிய ஒதைச்சிப் பாக்கறான்?" என்றாள். குண்டு தாங்குமா என்று பார்க்கிறான். பெண்களுக்கு ராணுவம் புரியாது.

புதன்கிழமை. பிற்பகல் போர் ஒத்திகை நடக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். சைரன் ஒலிக்கும், பதற வேண்டாம் என்றும் சொன்னார்கள். பெரிய தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. எனக்கு அதுதான் சைரன். தேய்ந்து மறைந்தது. அமைதி.

டொம்.

தரை அதிர்ந்தது. கொட்டகை முழுக்கப் புழுதி. அது பக்கத்துப் பழைய வீட்டின் சுவர். ஒரு வாரமாக இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

"குண்டு! படு! எல்லாரும் படு!"

மாடுகளில் ஒன்று மட்டும் படுத்திருந்தது. அது காலையிலிருந்தே படுத்திருக்கிறது.

லாரிக்கார பாஷாவுக்கு போன் போட்டேன். வந்தான். மாடுகளை ஏற்றுகிறோம். எதிர்வீட்டு மாமி பாத்திரத்தோடு வாசலுக்கு வருகிறார்.

"ஏன்டா ஏழுமலை, பால் எங்கடா? ஆத்துல டிகாக்‌ஷன் போட்டு வெச்சுண்டு உக்காந்திருக்கேன்."

"யுத்தம் மாமி! ஓடுங்க!"

"கறந்து குடுத்துட்டு ஓடேன்டா."

தனம் மயிலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறாள். மயிலைதான் இருப்பதில் கிழடு. "யோவ், ஒரு மாட்டையாவது கட்டிட்டுப் போ. இத வுடு. நான் கூட இருந்துக்கறேன். இடம் பூடும்யா."

"போர்ல யாரையும் வுட்டுட்டுப் போகக் கூடாது தனம்!"

எந்தப் போரில் யார் சொன்னது என்று தெரியவில்லை. என் வாயில் வந்தது. மயிலையை ஏற்றினேன். தனத்தை முன்னால் பாஷா பக்கத்தில் ஏற்றினேன். தகரக் கதவைச் சாத்தினேன். உள்ளே மாடு இல்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவை.

அடையாறு பாலம் தாண்டினோம். திருவான்மியூரும் போயிற்று. கடற்கரைச் சாலை. நெடுந்தூரம் போன பிறகுதான் பாஷாவுக்குக் கேட்கத் தோன்றியது.

"நைனா, எங்க போறோம்?"

"கல்பாக்கம் பக்கம். மச்சான் ஊரு."

பிரேக். அவன் தலை ஜன்னலுக்கு வெளியே வருகிறது. "இன்னா நைனா, அணு உலை கீற ஊருக்கா? ஒத்திகையே அங்கதான் நடக்குது!"

அந்த பிரேக்கில் கருப்பி விழுந்தாள். வயிறு தரையில் மோதியது. அந்தச் சத்தம் டொம் அல்ல. ஈரச் சாக்கு விழுவது போல. தூக்கி நிறுத்தினோம். நின்றாள். எனக்குப் போக வேறு ஊர் இல்லை. போனோம்.

வியாழன் விடியலில் கருப்பிக்குக் கன்று விழுந்தது. செத்து.

மச்சான் வயலோரம் கீற்றுச் சார்ப்பு ஒன்று போட்டுக் கொடுத்தான். சுற்றிலும் பச்சைப் புல். மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. கல்யாண மண்டபத்து வாழையிலையும் காய்கறிக் கடைக் கோசும் தின்று வளர்ந்தவை. விடிந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் வரிசையாக நிற்கின்றன. பாத்திரத்தோடு யாராவது வரட்டும் என்று. முதல்நாள் கதவைத் திறந்த அம்மா அலறிவிட்டார். "என்ன தம்பி, ஒன் மாடுங்க ஓட்டு கேக்க வந்த மாதிரி நிக்குதுங்க!" ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். தனம் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சண்டை நிறுத்தம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மந்தைவெளிக்குப் போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. டொம். இடைவெளி. டொம். தகரக் கதவு இல்லை. தொட்டி இல்லை. எங்கள் மனையும் பக்கத்து மனையும் ஒரே மனை ஆகியிருந்தன. சுற்றி நீலத் தகரம். மஞ்சள் ஹெல்மெட் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்கண்ணே. பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பணும்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்களே காலி பண்ணிட்டீங்க. எடத்த வாங்கின எங்க முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம்."

"அப்ப பங்கரு?"

"கார் நிறுத்தற எடம்ணே. ரெண்டு மாடி ஆழம்."

இப்போது கீற்றுச் சார்ப்புதான் வீடு. பால் கேனில் போகிறது. யார் குடிக்கிறார்கள் என்று தெரியாது. மயிலை ஆடியில் செத்தது. கருப்பி மறுபடி சினை பிடிக்கவில்லை. இழந்தவை: பிறக்காத கன்று ஒன்று. கிழட்டு மாடு ஒன்று. வாசல் ஏழு. கொட்டகை ஒன்று.

சென்னையில் குண்டு எதுவும் விழவில்லை. கொட்டகையை வியாழக்கிழமை காலையில் இடித்தார்கள். அப்போது உள்ளே மாடு இல்லை.